பேராசிரியரும் அண்ணாவியாரும்

கலையைக் கொண்டு ஒரு பிரதேசத்துக்குப் புத்துயிர் ஊட்டலாம் என்னும் கருத்து இன்று உலகெங்கும் பெருவழக்காகிவிட்டது. கப்பல் கட்டும் தொழில் நலிந்த கிளாஸ்கோ நகரம் 1990இல் ஐரோப்பியப் பண்பாட்டு நகராக அறிவிக்கப்பட்டது. உருக்காலைகளின் புகை அடங்கிப்போன பில்பாவோ நகரில் 1997இல் கூகன்ஹைம் அருங்காட்சியகம் எழுந்தது. நம் கொழும்பும் இவ்வழக்கில் பின்தங்கவில்லை. ஒல்லாந்தர் காலத்துப் பழைய மருத்துவமனை 2011இல் கடைகளும் உணவகங்களும் நிறைந்த முற்றமாயிற்று. அதே ஆண்டில் சீன உதவியோடு தாமரைத் தடாகம் என்னும் பேரரங்கு திறந்துவைக்கப்பட்டது. இம்முயற்சிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. அவை கட்டடத்தில் தொடங்குகின்றன. பெரும்பாலும் கட்டடத்தோடேயே முடிந்தும் விடுகின்றன. கிளாஸ்கோவின் தொழிலாளர் சார்பான எழுத்தாளர் சிலர், இவ்விழா யாருடைய நகரத்தைக் கொண்டாடுகிறது என்று அந்நாளிலேயே வினவினர்.

அவ்வினாவை நம் நாட்டு வரலாற்றில் வைத்துக் கேட்பதற்குத் தகுந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. கட்டடம் ஒன்றேனும் எழுப்பாமல், பெருநிதி எதுவும் கையில் இல்லாமல், மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மதிப்பிழந்து கிடந்த ஒரு கலையைத் தூக்கி நிறுத்தி, அக்கலையை உடைய மக்களை நிமிரச் செய்ய முனைந்த முயற்சி அது. அதற்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவரைப் பாராட்டி எழுதப்பட்டவை ஏராளம். பாராட்டுரைக்கு அப்பால் சென்று, அம்முயற்சியில் யார் என்ன பெற்றனர், யார் என்ன இழந்தனர் என்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

வித்தியானந்தன் 1924இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையை அடுத்த வீமன்காமத்தில் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, இலண்டன் சென்று, பத்துப்பாட்டை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1954இல் வெளிவந்த ‘தமிழர் சால்பு’ அவருக்குப் புலமையுலகில் இடம் தேடித் தந்தது. இத்தகைய ஒருவர் சங்க இலக்கியத்தோடு நின்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை மேடைக்குக் கொண்டுவந்து, உடையாரையும் உத்தியோகத்தரையும் நகையாடி நாடகம் எழுதியவர் அவர். அந்நாடகங்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றும் பணியிலேதான் வித்தியானந்தனின் அரங்க வாழ்வு தொடங்கிற்று. மாணவரை ஆட்டுவிப்பதற்கும் நாட்டை ஆட்டுவிப்பதற்கும் வேண்டிய பொறுமை ஒன்றே போலும்.

அக்காலத்தில் கூத்தின் நிலை யாது? மட்டக்களப்பின் சிற்றூர்களில் அறுவடை முடிந்த காலங்களில் கூத்துப் பழகுவது வழக்கம். ஏட்டைக் கையில் வைத்திருக்கும் அண்ணாவியார் ஊர்ப் பெரியோர் முன்னிலையில் ஆளைத் தெரிந்தெடுத்துச் சட்டம் கொடுப்பார். அதாவது அவரவர்க்குரிய பகுதியை ஒப்படைப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுதோறும் பழக்கம் நடக்கும். சலங்கை கட்டுவதற்கு ஒரு நாள், அடுக்குப் பார்ப்பதற்கு ஒரு நாள், இறுதியில் அரங்கேற்றம். மண்ணால் உயர்த்தப்பட்ட வட்டக்களரியில், நாற்புறமும் ஊர் கூடியிருக்க, பொழுது விடியும்வரை ஆட்டம் நிகழும். வடமோடியில் போர், தென்மோடியில் பெரும்பாலும் காதலும் கல்யாணமும். மத்தளமும் சல்லரியும் தவிர வேறு வாத்தியம் இல்லை. பெண் வேடத்தையும் ஆண்களே தாங்குவர்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று கொள்ளுதல் தவறு. மாதக்கணக்கில் நடைபெறும் பழக்கத்தின்போது உழவனும் மீனவனும் பாட்டையும் தாளத்தையும் மட்டுமன்றிப் பாரதத்தையும் இராமாயணத்தையும் கற்றான். எழுத்தறியாதவன் நூற்றுக்கணக்கான பாட்டை நெஞ்சில் நிறுத்தினான். அதே வேளையில் இதை ஏதோ வர்க்கமற்ற சமுதாயத்தின் எச்சம் என்று போற்றிப் பாடுவதும் பொருந்தாது. வயல் போடியாருடையது, கூத்துக்கு வேண்டிய செலவில் பெரும்பங்கும் அவர் கையிலிருந்தே வரும். ஊரின் சாதி அடுக்கும் சொத்து அடுக்கும் களரியின் மீது ஏறாமல் இருந்ததில்லை. யார் அரசன், யார் ஏவலாள் என்பதை ஆட்டத்திறன் மட்டுமே தீர்மானித்தது என்று சொல்வதற்கில்லை.

கற்றவர்கள் இக்கலையை எவ்வாறு நோக்கினர் என்பது இன்னும் கசப்பான செய்தி. ஆங்கிலம் படித்தவர்க்கு ஷேக்ஸ்பியர் இருந்தார். தமிழ் படித்தவர்க்குச் சம்பந்த முதலியார் இருந்தார். கூத்து என்பது கூத்தாடிகளின் தொழில், பாமரரின் ஆரவாரம், குடித்துவிட்டு ஆடும் ஆட்டம் என்பதே யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்த மத்தியதர வகுப்பாரின் தீர்ப்பு. கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் 1910களிலிருந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் நாடகத்துக்குக் கௌரவம் தேடித் தந்தனர் என்பது உண்மையே. ஆனால் அக்கௌரவம் திரை கட்டிய மேடைக்குக் கிடைத்ததேயன்றி மண் களரிக்குக் கிடைக்கவில்லை.

இந்நிலையை மாற்றுவதற்கு 1956 வழி திறந்தது. அவ்வாண்டின் தேர்தல் சிங்களக் கிராமத்தை அரசியலின் நடுவே கொண்டுவந்தது. அதே ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் தமிழரை அரச மொழியின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. பண்பாட்டுக்கென ஓர் அமைச்சும் அப்போதுதான் உருவாயிற்று. 1952இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டிருந்த இலங்கைக் கலைக்கழகம், அதுவரை பெரும்பாலும் மேலைக் கலைகளின் இரசிகர் கூட்டமாக இருந்தது. இப்போது உள்நாட்டுக் கலைகளின் பக்கம் திரும்பிற்று. அதன் தமிழ் நாடகக் குழுவின் தலைமை வித்தியானந்தனிடம் வந்தது.

அதே 1956இன் நவம்பர் 3ஆம் நாள், கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சரச்சந்திர பேராதனையில் வித்தியானந்தனின் சக ஆசிரியர். அவர் பயன்படுத்திய வடிவம் ‘நாடகம்’ எனச் சிங்களத்திலும் வழங்கும் கூத்து. அம்பலாங்கொடையிலிருந்து சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்னும் நாடகக் குரு வந்து மாணவரைப் பழக்கினார். இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்திலிருந்து மேற்குக் கரையோரமாகச் சிங்களவரிடம் சென்றது என்பதைச் சரச்சந்திரவே தம் ஆய்வில் நிறுவியிருந்தார். சிங்கள நாடகத்தின் தந்தை எனப்படும் பிலிப்பு சிஞ்ஞோ கொழும்பைச் சேர்ந்த ஒரு கொல்லர். இன்று கொட்டாஞ்சேனைக்கும் முகத்துவாரத்துக்கும் இடையே நடந்து செல்பவன், தமிழும் சிங்களமும் ஒரே கோவிலில் மெழுகுதிரி கொளுத்துவதை இன்னும் காணலாம். பட்டறையிலிருந்து வந்த ஒருவர் தமிழ்ப் பாட்டின் சந்தத்தைக் கேட்டுச் சிங்கள நாடகம் கட்டியது அத்தகைய சூழலிலேதான் இயலும். இனவாதிகள் இரு தரப்பிலும் இவ்வரலாற்றை மறைப்பதற்குக் காரணம் வெளிப்படை.

‘மனமே’ பெற்ற வெற்றி தமிழரங்குக்கு உந்துதலாக அமைந்தது. சிங்களவர் தமக்கென ஒரு தேசிய நாடக மரபைக் கண்டெடுத்தனர். அம்மரபின் தாய்வீடோ நம் கிராமங்களில் கேட்பாரற்றுக் கிடந்தது. மொழியுரிமையை இழந்துகொண்டிருந்த ஒரு மக்கட்கூட்டத்துக்கு இது வெறும் கலைப் பிரச்சினையாக இருக்கவில்லை.

வித்தியானந்தன் செய்த முதற்காரியம் ஊர்களுக்குச் சென்றது. கொழும்பில் இருந்துகொண்டு விண்ணப்பப் படிவம் அனுப்பவில்லை. மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம், வன்னி ஆகிய பகுதிகளில் கூத்துப் போட்டிகளும் விழாக்களும் கலைக்கழகத்தின் பெயரால் நிகழ்ந்தன. அண்ணாவிமாரை ஒன்றுகூட்டி மாநாடு நடத்தினார். பொன்னாடையும் விருதும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. இன்று பொன்னாடைக்கு மதிப்பு எவ்வளவு என்பதை நாம் அறிவோம். ஆனால் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் கூத்தாடி ஒருவரை மேடையில் தமக்குச் சமமாக இருத்திய காட்சி 1950களின் கிராமத்தில் சிறிய செய்தியன்று.

அடுத்தது அச்சு. ஏட்டிலும் கொப்பியிலும் சிதைந்துகொண்டிருந்த பிரதிகளைத் தேடிப் பதிப்பித்தார். ‘அலங்கார ரூபன்’ 1962இலும், மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தான ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ 1964இலும், ‘மூவிராசாக்கள்’ 1966இலும், ‘ஞானசவுந்தரி’ 1967இலும் நூலாயின. மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப்பாடல்களின் தொகுப்புகளும் இவ்வரிசையைச் சார்ந்தவை. சைவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் கத்தோலிக்கர் கூத்தைத் தேடிப் பதிப்பித்தது, சமயவாரியாகத் தமிழிலக்கியத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நம் பண்டிதர் மரபில் குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது பணியே பெரும் புகழையும் பெரும் விவாதத்தையும் கொணர்ந்தது. வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு அழைக்கப்பட்டார். மாணவர் அவரிடம் ஆட்டம் பழகினர். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலிவதை’ எனப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் பெயரால் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விடியும்வரை ஆடிய கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டுமே பார்வையாளரைக் கொண்ட மேடையாயிற்று. வரவுப் பாட்டுகள் குறைந்தன, ஒளியமைப்பு வந்தது, பாத்திரத்தின் உள்ளப் போராட்டம் முன்னுக்கு வந்தது. ‘இராவணேசன்’ பழைய ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதன்று. மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு புதிதாக எழுதியது. இராவணனாக ஆடியவரும் அவரே. தோல்வி நிச்சயம் என்பதை அறிந்தும் பணிய மறுக்கும் ஒரு வீரனை அன்றைய தமிழ்ப் பார்வையாளர் எவ்வாறு விளங்கிக்கொண்டிருப்பர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நகரத்துக் கற்றோர் வியந்தனர். தாம் இகழ்ந்த கலை இதுதானா என்று கேட்டனர். அவ்வியப்பு உண்மையானது, அதன் விளைவும் உண்மையானது. பாடசாலைகள் கூத்துப் பழக்கத் தொடங்கின. மட்டக்களப்பான் என்று ஏளனம் செய்யப்பட்டவன், தன் ஊரில் உள்ளது பேராதனையில் இல்லாதது என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது. கிழக்கின் மாணவர் பலர் தம் பிரதேசத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் துணிவை இங்கிருந்தே பெற்றனர். மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதியானது இதன் நேர் விளைவு.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரக் கூத்து யாருடைய நேரத்துக்கு ஏற்ப அளக்கப்பட்டது? இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பவேண்டிய நகரத்தானின் நேரத்துக்கு. கிராமத்தில் விடியும்வரை ஆடுவதற்குக் காரணம் சோம்பல் அன்று. ஊரின் ஒவ்வொரு குடும்பத்துப் பிள்ளைக்கும் களரியில் வரவு கிடைக்கவேண்டும் என்பதே. நீக்கப்பட்ட ஒவ்வொரு வரவுப் பாட்டோடும் ஒரு குடும்பத்தின் பங்கும் நீங்குகிறது. இதைக் கலைச் செறிவு என்று மட்டும் கூறி நிறுத்திவிட முடியாது. நெறியாளர் என்னும் புதிய பதவியும் உருவாயிற்று. அண்ணாவியார் ‘ஆட்டம் பழக்கியவர்’ என்னும் நிலைக்கு இறங்கினார். ஏட்டையும் மத்தளத்தையும் அரங்கையும் ஒருங்கே ஆண்டவருக்கு இது பதவி உயர்வா, பதவி இறக்கமா?

இதற்காக வித்தியானந்தனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வரலாற்று நோக்கு ஆகாது. தமிழகத்தில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை தோன்றியது 1977இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஈழத்தில் இப்பணி தொடங்கிவிட்டது. கன்னட நாட்டில் யட்சகானத்தைச் சுருக்கி அமைத்த சிவராம காரந்தும் இதே வினாக்களை எதிர்கொண்டார். கற்றோர் கையேற்ற நாட்டார் கலை எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல் இது. வடிவம் மீட்கப்படும்போது உள்ளடக்கம் என்னாகும் என்பதே நாம் கேட்கவேண்டியது. வித்தியானந்தனின் கூத்துகளில் அரசர் அரசராகவே நின்றனர். புராண வீரனுக்கு உள்ளப் போராட்டம் வந்தது. உழுபவனின் போராட்டம் வரவில்லை.

அதைக் கொண்டுவந்தவர்கள் அவருடைய மாணவரும் அவரால் தூண்டப்பட்டவர்களுமே என்பதை மறத்தல் ஆகாது. யாழ்ப்பாணத்தில் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளிலும் கோவில் வாயில்களிலும் தீண்டாமைக்கு எதிரான போராட்டம் மூண்டது. மாவிட்டபுரம் கோவில் வாயில் 1968இல் அடைபட்டு நின்றது. அப்போராட்டத்தின் நடுவே 1969இல் என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ காத்தவராயன் கூத்துப் பாங்கில் அம்பலத்தாடிகளால் ஆடப்பட்டது. அதே ஆண்டில் மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தைக் கொண்டு வர்க்கப் போராட்டத்தை மேடையேற்றியது. தொழிலாளி வடமோடி வீரனின் தாளத்துக்குக் களரியில் இறங்கினான். கலைக்கழகத்தின் போட்டி விதிகள் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. அரச நிறுவனம் திறந்துவிட்ட வாயில் வழியே அரசு விரும்பாத விருந்தாளியும் நுழைவதுண்டு.

வித்தியானந்தனின் பின்னைய வாழ்வை விரைந்து சொல்லலாம். 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தபோது ஏற்பாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். மாநாட்டைக் கொழும்பில் நடத்தவேண்டும் என்ற வற்புறுத்தலுக்கு அவர் இணங்கவில்லை. கலையும் ஆய்வும் தலைநகரில்தான் கூடவேண்டுமா என்னும் பழைய வழக்கின் இன்னொரு விசாரணை அது. இறுதி நாள் இரவில் பொலிசாரின் நடவடிக்கையால் உயிர்கள் பலியானதும், அதன் பின் நாட்டின் அரசியல் சென்ற வழியும் யாவரும் அறிந்தவை. 1977இல் அவர் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரும் அவரே. நூலகம் எரிந்த 1981உம், இனப்படுகொலையின் 1983உம் அப்பதவிக் காலத்துக்குள் அடங்குவன. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் 1985இல் அப்பல்கலைக்கழகத்திலிருந்துதான் ஊர் ஊராகப் புறப்பட்டது. 1988வரை பதவி வகித்த அவர் 1989இல் மறைந்தார். அதே 1924இல் பிறந்து அதே 1989இல் மறைந்தவர் இசை நாடக நடிகர் வி. வி. வைரமுத்து. பல்கலைக்கழகத்தின் துணையின்றியே ஊர்தோறும் ‘மயான காண்டம்’ ஆடி மக்களை ஆட்கொண்டவர் அவர். இருவரின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவன் கலைத் தலைமை என்பது பற்றி அதிகம் கற்றுக்கொள்வான்.

போருக்குப் பின்னும் போருக்கு இடையிலும் மட்டக்களப்பில் என்ன நடந்தது? கிழக்குப் பல்கலைக்கழகம் 1986இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அது அமைந்திருக்கும் ஊர் வந்தாறுமூலை; செல்லையா அண்ணாவியாரின் ஊர். பேராதனைக்கு அவர் ஏறிச் சென்ற காலம் போய், பல்கலைக்கழகமே அவர் ஊருக்கு இறங்கி வந்தது. அங்கும் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தர் பெயரிலான நிறுவனத்திலும் கூத்து பாடமாயிற்று. ‘இராவணேசன்’ புதிய தலைமுறையைக் கொண்டு மீண்டும் ஆடப்பட்டது. மறுபுறம், சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் வேறொரு வழியைத் தொடங்கினர். அவர்கள் கூத்தைக் களரியிலிருந்து பெயர்க்கவில்லை. ஊரிலேயே, ஊரார் கூடி, அண்ணாவியாரோடு இருந்து, பெண் பாத்திரங்களின் நிலையையும் சாதிச் சொற்களையும் விவாதித்துப் பாட்டை மாற்றினர். கூத்து மீளுருவாக்கம் என்பது அவர்கள் இட்ட பெயர். இவ்விரு வழியினருக்கும் இடையே அச்சில் நிகழ்ந்த விவாதம் காரசாரமானது. இரு சாராரும் வித்தியானந்தனின் பெயரை விலக்கிவிட்டுப் பேச முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்த விவாதம் கிழக்குக்கு மட்டும் உரியதன்று. கொழும்பு வடக்கில் கிராண்ட்பாஸ் தாண்டி ஒருகொடவத்தைக்கு வருக. ஒருபுறம் கொள்கலன் முற்றங்கள், எண்ணெய்த் தாங்கிகள், இடைவிடாத பாரவூர்திகள். மறுபுறம் தமிழும் சிங்களமும் முஸ்லிம்களின் தமிழும் ஒரே சந்தில் கலந்தொலிக்கும் குடியிருப்புகள். மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இங்கு உண்டு. நகர அபிவிருத்தி அதிகாரசபை 2010க்குப் பின் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தபோது தொடங்கிய புனரமைப்புத் திட்டத்தால் கொழும்பின் தோட்டக் குடியிருப்பினர் பலர் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். தெருவில் பாய் விரித்து இருந்தவர்களுக்கு மின்தூக்கி கிடைத்தது, தெரு போயிற்று. திருவிழாக் காலத்தில் நாடகம் போடுவதற்கும் பறை முழக்குவதற்கும் தெருவை அன்றி வேறு அரங்கை அறியாத மக்கள் இவர்கள். லயனல் வென்ட் அரங்கு இங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் கறுவாத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே ‘மனமே’ இன்னும் ஆடப்படுகிறது. அதன் மூலவடிவத்தைக் கட்டிய பிலிப்பு சிஞ்ஞோவின் கைத்தொழிலைச் செய்பவர்கள் இன்றும் இப்பகுதியில் பாரவூர்திகளின் உடைந்த இரும்பை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் மட்டக்களப்பான் ஒருவனின் பெட்டிக்குள் பாட்டன் எழுதிய சட்டக் கொப்பி இருந்தால், அதைப் பழக்குவதற்கு ஓர் அண்ணாவியாரும், ஆடுவதற்கு ஒரு வட்டமான நிலமும் அவனுக்கு வேண்டும்.